கருணைத் தொகை வேறு, நஷ்ட ஈடு வேறு

வெளியூருக்குப் பிழைக்க வந்த நம்மவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வந்த இடத்தில் ஒருவர் இறந்துவிட்டார் என்றால், அவர் எந்த ஜில்லா, என்ன ஜாதி, சங்கத்துக்குச் சந்தா கட்டியவரா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஒருவர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். ஒருவர் போலீஸ் ஸ்டேஷனில் இந்தியிலும் மராத்தியிலும் பேசி, பஞ்சநாமாவில் ஊர்ப் பெயரைச் சரியாக எழுத வைப்பார். பெண்கள் அந்த வீட்டு அடுப்பைக் கவனித்துக்கொள்வார்கள். உடலை ஊருக்கு அனுப்ப வண்டி ஏற்பாடாகும். வழிச்செலவுக்கு வசூல் நடக்கும். நாக்பூரில் எனக்கு முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. இந்த விஷயத்தில் நம் ஜனங்களை ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறை அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. வேலை செய்யும் இடத்தில் நேர்ந்த சாவு என்றால், காரியம் முடிவதற்குள்ளாகவே 'பேசி முடித்துவிடலாம்' என்று நாலு பெரியவர்கள் உட்காருகிறார்கள். ஒரு பக்கம் கான்ட்ராக்டர் அல்லது அவருடைய மேனேஜர். இன்னொரு பக்கம் ஊரிலிருந்து அடித்துப் பிடித்து வந்த மச்சானோ சித்தப்பாவோ. நடுவில் நம் சங்கத்துப் பிரமுகர் ஒருவர். ஒரு லட்சத்தில் ஆரம்பித்து இரண்டு, இரண்டரை என்று ஏறி, மூன்றில் நிற்கும். நூறு ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில், 'இனி எங்களுக்கு எந்தவிதமான பாத்தியதையும் இல்லை' என்று எழுதி, அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்குவார்கள். சாட்சிக் கையெழுத்து நம் பிரமுகருடையது. பிறகு எல்லோரும், 'கான்ட்ராக்டர் நல்ல மனுஷர், கருணையோடு கொடுத்தார்' என்று சொல்லிக்கொண்டு கலைவார்கள்.

நான் டிப்ளமா படித்து ரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில் வேலை பார்த்தவன். வக்கீல் அல்ல. ஆனாலும் ஆட்களை வைத்து வேலை வாங்கியவன் என்ற முறையில் இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டியிருந்தது. படித்ததைக் கொண்டு சொல்கிறேன். அந்தக் கருணையில் பாதிக்கு மேல் அந்தப் பெண்ணுடைய சொந்தப் பணம். அவளுக்கு வர வேண்டியதில் நாலில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோ கொடுத்துவிட்டு, மீதியை நம் முன்னிலையில் தள்ளுபடி செய்துகொள்கிறார்கள்.

நாலு வரி சரித்திரம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1837இல் ஒரு கசாப்புக் கடைக்காரரின் வேலையாள், பாரம் அதிகமாக ஏற்றிய வண்டி சாய்ந்து தொடை எலும்பு முறிந்து வழக்குப் போட்டார். முதலாளி பொறுப்பல்ல என்று கோர்ட் சொல்லிவிட்டது. அதை வைத்து அறுபது வருஷம் ஓட்டினார்கள்: கூட வேலை செய்தவன் தவறு செய்திருந்தால் முதலாளிக்குச் சம்பந்தமில்லை, ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்தான், அவனும் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தான் என்று மூன்று வாதங்கள். ஜெர்மனி 1884இலும், இங்கிலாந்து 1897இலும் இதை மாற்றின. யார் தவறு என்று தேட வேண்டாம். வேலையில் நேர்ந்த விபத்தா என்று மட்டும் பார், அப்படியென்றால் அந்தத் தொழிலின் செலவில் அதுவும் ஒன்று என்பது புதிய முறை. நம் நாட்டில் அது 1923இல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டமாக வந்து, 1924 ஜூலை 1 முதல் அமலாயிற்று. 2010இல் 'ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்' என்று பெயர் மாறியது. 2025 நவம்பர் 21 முதல், 2020ஆம் வருடத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் இது ஓர் அத்தியாயமாகச் சேர்ந்துவிட்டது. பெயர் எப்படி மாறினாலும் ஆதாரம் ஒன்றுதான். விபத்து வேலையின் காரணமாக, வேலையின் போது நேர்ந்திருக்க வேண்டும். முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை.

எங்கள் தொழிலில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். தண்டவாளத்துக்குத் தேய்மானம் உண்டு, ஸ்லீப்பருக்கு ஆயுள் உண்டு என்று கணக்கில் எழுதுகிறோம். மனிதனுக்கு மட்டும் அந்தக் கணக்கை யாராவது இறந்த பிறகு, துண்டு விரித்து உட்கார்ந்து போடுகிறோம்.

இப்போது கணக்குக்கு வருவோம். இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை எடுத்து, அவருடைய வயதுக்கு உரிய ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. 25 வயதுக்கு 216.91, 30க்கு 207.98, 40க்கு 184.17, 50க்கு 153.09. வயது ஏற ஏற எண் குறையும். கூலி எவ்வளவு அதிகமாக இருந்தாலும் கணக்குக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். 2020 ஜனவரி 3ஆம் தேதி அறிவிப்பில் அது மாதம் 15,000 ரூபாய். ஆகவே 30 வயது ஆள் மாதம் 15,000 அல்லது அதற்கு மேல் சம்பாதித்திருந்தால், 7,500 பெருக்கல் 207.98. பதினைந்து லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய் வருகிறது. நாற்பது வயது என்றால் 13,81,275. நாம் ஸ்டாம்பு பேப்பரில் முடிக்கும் மூன்று லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு விதி இதைவிட முக்கியம். அதை நம் பெரியவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. சாவுக்கான நஷ்ட ஈட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேரே கொடுக்கக் கூடாது. அதற்கென்று உள்ள கமிஷனரிடம் கட்ட வேண்டும். அவர்தான் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். கையில் கொடுத்தது நஷ்ட ஈடு கொடுத்ததாகவே கணக்கில் சேராது. மூன்று மாதக் கூலி அளவுக்குள் கொடுத்த முன்பணத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். 1923 சட்டத்தின் 8ஆம் பிரிவு இது; புதிய தொகுப்பிலும் இந்த முறை தொடர்கிறது. பழைய சட்டத்தின் 17ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றே சொல்லிவிட்டது. ஆகவே நம் பிரமுகர் சாட்சி போட்ட அந்தப் பேப்பருக்கு மதிப்பு, ஸ்டாம்பின் நூறு ரூபாய்கூட இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. கையெழுத்துப் போட்டாயிற்று, இனி கேட்டால் பாவம், பெரியவர்களின் பேச்சுக்கு அவமரியாதை என்று வாய்மூடி இருந்துவிடுகிறாள். பேப்பர் செய்யும் வேலை அதுதான்.

சில வருஷங்களுக்கு முன் நான் அருகிலிருந்து பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். இடத்தையும் ஆட்களையும் குறிப்பிடப் போவதில்லை. சேலம் ஜில்லாவிலிருந்து வந்த பையன், சென்ட்ரிங் வேலை. 30 வயது. தினக் கூலி 750. நாலாவது மாடியில் ஸ்லாப்புக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தான். ஊரில் மனைவி, இரண்டு குழந்தைகள், விதவைத் தாய். நாங்கள் சிலர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்றாம் நாள் பேச்சுவார்த்தை. சப்-கான்ட்ராக்டர் நம் தமிழ் ஆள்தான். அவர் வைத்த முதல் வாதம், "பையன் குடிச்சிருந்தான் சார், பெல்ட் போடச் சொன்னா போடல." இரண்டாவது வாதம், "என் மஸ்டர்லயே அவன் பேர் கிடையாது, மேஸ்திரி கூட்டிட்டு வந்த ஆள்." மூன்றாவதாக, "ஐயா, நீங்க பெரியவங்க, மூணு லட்சம் மனசாரத் தரேன், முடிச்சு வைங்க."

இந்த மூன்றும் எங்கே போனாலும் கேட்கிற வாதங்கள். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். குடித்திருந்தான், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றினான் என்பதெல்லாம் காயத்துக்கு மட்டும்தான் வாதமாக எடுபடும். சாவு என்று வந்துவிட்டால் அந்த வாதத்தைச் சட்டம் அனுமதிப்பதில்லை. நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டாலும் அப்படியே. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது என்பதை 1933 திருத்தத்திலேயே யோசித்திருக்கிறார்கள்.

மஸ்டரில் பெயர் இல்லை என்பதற்கு 12ஆம் பிரிவு பதில் சொல்கிறது. தன் தொழிலின் ஒரு பகுதியைக் கான்ட்ராக்டரிடம் விட்டவர், தன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் விபத்து நேர்ந்தால், அந்த ஆளைத் தானே வேலைக்கு வைத்தது போலப் பணம் கட்ட வேண்டும். கட்டிவிட்டு, கான்ட்ராக்டரிடமிருந்து வசூலித்துக்கொள்வது அவர் பாடு. குடும்பம், மேஸ்திரிக்கும் சப்-கான்ட்ராக்டருக்கும் பில்டருக்கும் நடுவே பந்து போல உருள வேண்டியதில்லை. அந்தப் பையன் அங்கே வேலை செய்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று அடுத்த கேள்வி வரும். முன்பெல்லாம் இது பெரிய கஷ்டம். இப்போது மேஸ்திரி வாராவாரம் செல்போனில்தான் கூலி அனுப்புகிறார். அந்த வரவு, சைட் வாட்ஸ்அப் குழுவில் போட்ட போட்டோ, கேட் பாஸ், இவையெல்லாம் மஸ்டரைவிட நன்றாகப் பேசும். ஊருக்கு உடலை அனுப்பும் அவசரத்தில் அந்தப் போனைத் தொலைத்துவிடக் கூடாது. போலீஸ் எடுத்து வைத்திருந்தால் அதற்கு ரசீது வாங்க வேண்டும்.

மனசாரத் தருகிற மூன்று லட்சத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். கூட இருந்த ஒருவருக்கு என்மேல் கோபம். "பாவம், கைக்கு வர்ற பணத்தையும் கெடுக்கிறீங்களே" என்றார். அந்தப் பெண் அதுவரை வாய் திறக்கவில்லை. தன் மாமியாரைப் பார்த்து, "அத்தை, நம்ம ஊர்ல வெச்சே கேஸ் போட முடியுமான்னு ஐயாவைக் கேளுங்க" என்றாள். அந்தக் கேள்வியைப் பெரியவர்கள் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

போட முடியும். விபத்து நடந்த ஊரில்தான் மனு கொடுக்க வேண்டும் என்றில்லை. வாரிசுகள் வழக்கமாக வசிக்கும் இடத்திலும் கொடுக்கலாம். முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடத்திலும் கொடுக்கலாம். 1995 திருத்தத்தில் வந்த வசதி இது. நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் அந்தச் சட்டத்தில் கிடையாது என்பேன். அவர்கள் சேலத்தில் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு கொடுத்தார்கள். நாங்கள் இங்கிருந்து எப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, பஞ்சநாமா ஆகியவற்றின் நகல்களை வாங்கி, மராத்தியில் இருந்ததைத் தமிழில் மொழிபெயர்த்து அனுப்பினோம். என்னால் ஆனது அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. கணக்குப்படி முழுத் தொகையும், அதற்கு 12 சதவீத வட்டியும் உத்தரவாயிற்று.

வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் விபத்து நடந்த அன்றே பாக்கியாகிவிடுகிறது. உத்தரவு வந்த அன்று அல்ல. இதைச் சுப்ரீம் கோர்ட் 1976இல் சொல்லிவிட்டது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி. காரணமில்லாத தாமதம் என்று கண்டால் தொகையில் பாதி வரைக்கும் அபராதம். அந்தக் குடும்பத்தின் தொகைக்கு ஒரு வருஷ வட்டி மட்டும் 1,87,182 ரூபாய். பேச்சுவார்த்தையில் 'மனசார' வைத்த தொகையை இரண்டு வருஷ வட்டியே தாண்டிவிடுகிறது.

பணத்தைப் பிரித்த விதத்தையும் சொல்ல வேண்டும். கமிஷனர் மனைவிக்கு ஒரு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று எழுதி, குழந்தைகளின் பங்கை அவர்கள் மேஜராகும் வரை பேங்கில் டெபாசிட்டாகப் போடச் சொன்னார். பேச்சுவார்த்தையில் கை மாறும் பணம் எங்கே போகிறது என்று நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். காரியச் செலவு, பழைய கடன், கொழுந்தனுக்கு வண்டி. ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். மனைவி திரும்பத் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். மாமியார் தனியாக நிற்பாள். யார் யார் வாரிசு என்று சட்டம் தானே எழுதி வைத்திருக்கிறது. மனைவி, மைனர் மகன், கல்யாணமாகாத மகள், விதவைத் தாய் இவர்கள் முதல் வரிசை. தகப்பனார் உயிரோடு இருந்தால், இறந்தவரின் சம்பாத்தியத்தை நம்பியிருந்தார் என்று காட்டினால் அவரும் வருவார். மச்சானும் சித்தப்பாவும் எந்த வரிசையிலும் கிடையாது. பேச்சுவார்த்தையில் அதிகமாகப் பேசுகிறவர்கள் அவர்கள்தான்!

நம்மில் கான்ட்ராக்ட் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். சங்கக் கட்டடத்துக்கு அவர்கள் கொடுத்த நன்கொடை சிறியதல்ல. 'இப்படியெல்லாம் கேஸ் போட்டால் இனி யாரும் தமிழ் ஆட்களை வேலைக்கு எடுக்க மாட்டார்கள்' என்று அவர்கள் சொல்வதும் என் காதில் விழுகிறது. கோபமாக இதை எழுதவில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தப் பொறுப்புக்கென்றே இன்ஷூரன்ஸ் பாலிசி இருக்கிறது. பிரீமியம் கூலித் தொகையில் ஒரு சிறு பகுதி. பாலிசி இருந்தால் நஷ்ட ஈட்டையும் வட்டியையும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டும். அபராதத்தை மட்டும் முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். 1997இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு அது. ஆக, பாலிசி எடுத்தவர் குடும்பத்தோடு பேரம் பேச வேண்டிய அவசியமே இல்லை. உடனே கம்பெனிக்கும் கமிஷனருக்கும் தெரிவித்தால் அவருக்கும் நிம்மதி, குடும்பத்துக்கும் நிம்மதி. பாலிசி எடுக்காமல் நாலாவது மாடிக்கு ஆளை ஏற்றுகிறவர் நன்கொடை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அவருக்காக நாம் நடுவில் உட்கார வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ரயில் பாதையிலிருந்து ஓர் உதாரணம். ஒரே கட்டிங்கில், ஒரே வளைவில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் டிராக் மெயின்டெய்னர். முன்னாளில் கேங்மேன் என்போம். இன்னொருவர் கான்ட்ராக்டர் கூட்டி வந்து ஜல்லி கொட்டும் ஆள். இரண்டு பேருக்கும் அதே வண்டி, அதே வேகம், அதே மூடுபனி. நிரந்தர ஊழியர் பணியின்போது விபத்தில் இறந்தால், மத்திய அரசு ஊழியர்களுக்கான கருணைத் தொகையே 2016 ஜனவரி 1 முதல் 25 லட்சம். குடும்ப ஓய்வூதியம் உண்டு, வாரிசுக்கு வேலை கேட்க வழி உண்டு. வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் பாரங்களை எடுத்துக்கொண்டு வீடு தேடி வருவார். அந்த இன்னொருவர் வீட்டுக்கு யார் பாரம் எடுத்துக்கொண்டு போவது? அவருக்கும் சட்டம் இருக்கிறது. ஆனால் வீடு தேடி வரும் ஆள் இல்லை. சங்கம் என்று ஒன்று இருப்பதற்கு அதுதான் வேலை என்று நான் நினைக்கிறேன்.

சட்டத்திலும் குறை இல்லாமல் இல்லை. கூலி உச்சவரம்பு என்று சொன்னேனே, அது 2010இலிருந்து 2020 வரை பத்து வருஷம் 8,000 ரூபாயிலேயே நின்றது. அந்தப் பத்து வருஷத்தில் கொத்தனார் கூலி எவ்வளவு ஏறியது என்று வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். இன்னொரு வேடிக்கை. அதே சென்ட்ரிங் பையன் சாரத்திலிருந்து விழாமல், ரோட்டில் ஒரு லாரி மோதி இறந்திருந்தால், மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டில் உச்சவரம்பு கிடையாது. அவனுடைய 19,500 ரூபாய் கூலியை முழுதாக எடுத்து, எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, அவன் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்து, 30 வயதுக்கு உரிய 17 வருஷத்தால் பெருக்குவார்கள். 2009, 2017 ஆகிய வருஷங்களின் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளின் வழி இது. கணக்குப் போட்டால் 41,76,900 வருகிறது. நாலாவது மாடியிலிருந்து விழுந்தவனுக்குப் பதினைந்தரை, லாரி மோதியவனுக்கு நாற்பத்தொன்றே முக்கால். அங்கே லாரிக்காரர் தவறை நிரூபிக்க வேண்டும், இங்கே அது வேண்டாம் என்ற வித்தியாசம் உண்டுதான். ஆனாலும் இவ்வளவு இடைவெளிக்கு அது சமாதானமாகாது. (வேலையிடத்தில் டிப்பரோ வேறு மோட்டார் வண்டியோ மோதி நேர்ந்த விபத்தானால் இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கலாம்; இரண்டையும் கேட்க முடியாது. எதைக் கேட்பது என்று முதலிலேயே யோசிக்க வேண்டும்.)

வேலைக்குப் போகும் வழியில் இறந்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். இதில் சட்டம் வெகு காலம் தடுமாறியது. சௌராஷ்டிரத்தில் உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து திரும்பும்போது கழியில் படகு கவிழ்ந்து இறந்தார்கள், 1952இல். அது எல்லோரும் போகிற பொதுப் படகு, ஆகவே வேலையின் போது நேர்ந்ததல்ல என்று 1958இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நம் மகாராஷ்டிரத்திலேயே, உஸ்மானாபாத் பக்கம், ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன் 2003 ஏப்ரலில் அதிகாலை மூன்று மணி ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். மனைவி, நாலு குழந்தைகள், தாய். கமிஷனர் 3,26,140 ரூபாய் கொடுக்கச் சொன்னார். ஹைகோர்ட் 2011இல் அதை ரத்து செய்தது. சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலை 29 அன்று கமிஷனர் உத்தரவைத் திரும்பவும் நிலைநிறுத்தியது. வேலைக்கும் அந்தப் பயணத்துக்கும் நேரத்தாலும் இடத்தாலும் சூழ்நிலையாலும் தொடர்பு இருந்தால் வழியில் நேர்ந்த விபத்தும் சேரும் என்பது தீர்ப்பு. புதிய சட்டத் தொகுப்பு இதை எழுத்திலேயே சேர்த்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த வாட்ச்மேன் இறந்தபோது கைக்குழந்தையாக இருந்தவனுக்குக்கூட இன்று இருபது வயதைத் தாண்டியிருக்கும். இந்த இருபத்திரண்டு வருஷத்தைக் காட்டித்தான் பேச்சுவார்த்தைக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். எல்லா வழக்கும் சுப்ரீம் கோர்ட் வரை போவதில்லை. அதோடு, பழைய சட்டத்தில் முதலாளி அப்பீல் போக வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் கமிஷனரிடம் கட்டிய பிறகுதான் போக முடியும். இழுத்தடிப்பதால் அவருக்கு லாபமில்லை.

தவணை தவறிவிடக் கூடாது. இறந்த தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் அதற்குப் பிறகும் ஏற்கலாம் என்றாலும் அதை நம்பி இருக்க வேண்டாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்ற கவலையும் வேண்டாம். 1987ஆம் வருஷத்து இலவச சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் கொடுக்க வேண்டும். ஜில்லா கோர்ட் வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்று பேசிக்கொண்டு பின்னாலேயே வருகிற ஆட்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஃபாக்டரியில் வேலை செய்பவர்களுக்கு வழி வேறு. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் கேட்க முடியாது. அதற்குப் பதில் மாதாமாதம் பென்ஷன் போல வரும். சராசரிக் கூலியில் 90 சதவீதத்தை எடுத்து, அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்தில் இரண்டு பங்கு, மொத்தம் அந்த 90 சதவீதத்தைத் தாண்டாமல் கொடுப்பார்கள். பிராவிடண்ட் ஃபண்டு பிடித்தம் இருந்தால், வேலையில் இருக்கும்போது எப்படி இறந்திருந்தாலும் சரி, அதோடு சேர்ந்த இன்ஷூரன்ஸ் தொகை ஒன்று உண்டு. 2021 ஏப்ரல் 28 முதல் அதன் உச்ச அளவு 7 லட்சம். ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் மனைவிக்குக் குடும்ப பென்ஷன் உண்டு. பி.எஃப். பணத்தை வாங்கிக்கொண்டு இந்த இரண்டையும் கேட்காமலே விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பாரம் வேறு வேறு என்பதுதான் காரணம்.

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலையிடச் சாவு சம்பந்தமான எந்த சமரசப் பேப்பரிலும் சங்க நிர்வாகிகள் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அதில் முதல் வரி. சங்க நிதியிலிருந்து உடனடிச் செலவுக்குக் கொடுக்கும் பணம் கடனாக இல்லாமல் உதவியாகவே இருக்க வேண்டும் என்பது இரண்டாவது; கையில் பத்தாயிரம் ரூபாய் இல்லாததால்தான் பல பெண்கள் மூன்று லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். மராத்தி தெரிந்த நம் பிள்ளைகளில் இரண்டு பேர் போலீஸ் காகிதங்களை மொழிபெயர்க்க முன்வர வேண்டும் என்பது மூன்றாவது. ஒரு பையன் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டான். இன்னொருவர் வேண்டும். எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். எதிர்க்கிறவர்கள் வரும்போது கையில் ஒரு கால்குலேட்டர் கொண்டு வந்தால் போதும். வயது அட்டவணையின் நகல் என்னிடம் இருக்கிறது, ஞாயிறு காலைகளில் சங்க நூலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் காட்டுகிறேன்.